ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஆ, ஜீஆர் 3 ஆ? கொழும்பில் இந்தக் கமராக்களைப் பாவிப்பவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக் கடற்கரை எழுதியது:

வணக்கம். என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று இருக்கிறது, அலுமாரியை விட்டு வெளியே வருவதில்லை. வேலை கொள்ளுப்பிட்டியில். போய்வருவது கரையோர ரெயிலில். அந்த நெரிசலில் கமராப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினால் பக்கத்தில் நிற்பவர் பார்க்கிற பார்வை உங்களுக்கே தெரியும். காற்சட்டைப் பைக்குள் போகிற கமராதான் இனி என்று முடிவெடுத்துவிட்டேன்.

பாவித்த கமரா இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜீஆர் 3. கேட்கிற விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் எடுப்பது வேலை முடிந்த பின் புறக்கோட்டைத் தெருக்கள், ஆடிவேல் தேர்த் திருவிழா, சில ஞாயிறுகளில் பேரே வாவியில் கூழைக்கடாக்கள். ரோ கோப்பாக (கமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து நானே திருத்துவேன். போனே போதும் என்று சொல்ல வந்தவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போங்கள்.

மொரட்டுவை ரமணன் எழுதியது:

ஐசே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோனியில் 24 மில்லிமீற்றர் (அகலமான காட்சி) தொடங்கி 200 (தூரத்தைக் கிட்ட இழுப்பது) வரை சூம் இருக்கிறது, ஜீஆரில் 28 மட்டும். காசு கொடுத்து ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? சோனியை எடுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணை எழுதியது:

ரமணன் சொல்வது பகலுக்குச் சரி. தம்பி கேட்பதில் பாதிக்கு மேல் பொழுதுபட்ட பிறகு.

என்னிடம் இருப்பது மார்க் 7. மச்சானிடம் ஜீஆர் 3. இரண்டும் ஆடிவேலுக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற ஊர்வலம். இருட்டினால் தேரின் பல்புகளும் கடை வெளிச்சமும்தான். அந்த வெளிச்சத்தில் ஜீஆரின் லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), ஷட்டரை நொடியில் 125இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 3200 வரும். நடக்கிற ஆட்கள் உறைந்து நிற்பார்கள். சோனியில் 200க்குச் சூம் பண்ணுங்கள், துவாரம் எஃப் 4.5 ஆகிவிடும். கை நடுக்கத்துக்கு உள்ளே நிலைப்படுத்தி இருக்கிறது, ஆனால் ஆட்டக்காரரின் கையை அது நிறுத்தாது. ஷட்டர் நொடியில் 200இல் ஒரு பங்காவது வேண்டும். அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 12800. அந்தக் கமராவின் உச்ச எண்ணே அதுதான். வேல் தெரியும், காவடி தெரியும், முகம் களிமண்ணாக இருக்கும்.

சரி, சூம் பண்ணாமல் 24இல் எடுக்கிறேன் என்பீர்கள். அங்கேயும் சோனி எஃப் 2.8தான், ஜீஆருக்குச் சமம். ஆனால் ஒளியை வாங்குகிற சென்சர்? சோனியில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், ஜீஆரில் ஏறத்தாழ 23.5க்கு 15.6. பெருக்கிப் பாருங்கள், மூன்று மடங்குக்கு மேல். ஐஎஸ்ஓ 3200இல் ஜீஆர் கோப்பின் நிழல்களைத் தூக்கலாம், அதாவது இருட்டுப் பகுதிகளை வெளிச்சமாக்கலாம். சோனியில் அதே அளவு தூக்கினால் ஊதா நிறப் புள்ளிகள் வந்து உட்காரும்.

புறக்கோட்டைக்கு அந்த ஒற்றை லென்ஸ் குறையே இல்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைப் பிடிக்கப் பின்னால் நகர்ந்தால் மூட்டை சுமக்கிற நாட்டாமையின் தள்ளுவண்டி முதுகில் முட்டும். 200ஐ வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? ஜீஆரில் ஸ்னாப் போக்கஸ் என்று ஒன்று உண்டு: தூரத்தை 2.5 மீற்றர் என்று பூட்டி, எஃப் 8 வைத்தால் ஒரு மீற்றருக்குச் சற்று அப்பாலிருந்து தெருமுனை வரை எல்லாம் கூர்மை. ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும், கமரா தேடிக்கொண்டு நிற்காது. தேங்காய் மூட்டை தூக்குகிறவர் நிமிர்ந்து பார்க்கும் முன் படம் விழுந்துவிடும்.

கூழைக்கடாக்களை மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஜீஆரில் படத்தின் நடுவை மட்டும் வெட்டி 50 மில்லிமீற்றர் வரை எடுக்கலாம், ஆனால் 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும், பறவை அப்போதும் சிறிசுதான். சோனி அங்கே ராசா: நொடிக்கு 20 படம், பறப்பதைப் பின்தொடர்வதில் என் பழைய பெரிய கமராவை விட நல்லம். கண் வைத்துப் பார்க்க வியூபைண்டரும் உண்டு. ஜீஆரில் அது இல்லை, மத்தியான வெயிலில் காலிமுகத்திடலில் திரையைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை.

இனித்தான் முக்கியமான கதை. இரண்டும் நீர் புகாதவை அல்ல, இரண்டிலும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும். போகும்போது வெளிக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், நம்முடைய காற்றில் உப்பும் ஈரமும் தூசியும். லென்ஸ் கழற்ற முடியாத கமராவில் சென்சரில் தூசி விழுந்தால் நீங்களே துடைக்க வழியில்லை, கமராவையே பிரித்துத்தான் திறக்க வேண்டும். ஜீஆருக்கு இந்த விஷயத்தில் ஊரறிந்த கெட்ட பெயர். ஆகவே வாங்கும்போது துவாரத்தை எஃப் 16க்கு மூடி வெறும் வானத்தை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள், மங்கலான சாம்பல் வட்டம் இருந்தால் அது தூசி. சோனிக்கு எஃப் 11. பிறகு கமராவை ஓனில் வைத்து, லென்ஸுக்குள் போன் டோர்ச்சைச் சரித்து அடியுங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சணம். அதை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பம்பலப்பிட்டி அக்கா எழுதியது:

அண்ணை சொன்னதோடு ஒன்று. தேர் வெளிச்சம், கடை எல்ஈடி எல்லாம் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். சோனியின் எலக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கலில் வைத்து நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு எடுங்கள். அப்புறம், ஏசி ஒபிஸிலிருந்து நேராக வெயிலுக்கு வந்து கமராவைத் திறக்காதீர்கள், லென்ஸில் பனி மூட்டம் போடும். பைக்குள்ளேயே கொஞ்சம் விட்டுச் சூடேறியதும் எடுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும், நிறம் மாறினால் ஜெல்லை வறுத்துத் திரும்பப் போடலாம்.

வெள்ளவத்தைக் கடற்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜீஆர் விற்பவரிடம் எஃப் 16 படம் ஒன்று கேட்டேன். "சின்னப் புள்ளி ஒன்று இருக்கு, சாதாரணமாத் தெரியாது" என்கிறார். விலையில் கொஞ்சம் விட்டுத் தருவாராம். எடுக்கலாமா? பற்றறி எப்படி?

கொட்டாஞ்சேனை அண்ணை எழுதியது:

சாதாரணமாகத் தெரியாதுதான், தெருவில் எஃப் 4, 5.6இல் கரைந்துவிடும். ஆனால் நான் மேலே சொன்ன ஸ்னாப் போக்கஸ் எஃப் 8 இல். வெள்ளை வானம் படத்துக்குள் வந்தால் அந்தப் புள்ளி எட்டிப் பார்க்கும். புள்ளி நடுவில் என்றால் வேண்டாம். ஓரத்தில் என்றால், திறந்து துடைக்கிற கூலியை முதலில் திருத்துகிற கடையில் கேட்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சம்மதித்தால் எடுங்கள்.

பற்றறி மோசம். ஜீஆருக்கு ஒரு சார்ஜுக்கு 200 படம் என்று கம்பனியே சொல்கிறது, சோனியும் 260தான். ஜீஆர் யூஎஸ்பி-சியில் ஏறும், அதனால் பவர்பாங்க் உதவும். ஆனாலும் ஆடிவேலுக்கு உதிரி இரண்டு வேண்டும். ரெயிலில் ஜன்னலோரம் நின்று எடுக்கிற ஆசை இருந்தால் அதை மட்டும் விடுங்கள், தெகிவளைப் பக்கம் அலை அடித்தால் சாரல் உள்ளே வரும்.

வெள்ளவத்தைக் கடற்கரை எழுதியது:

புள்ளி நடுவில்தான் அண்ணை, படம் அனுப்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜீஆர்தான் என்பது முடிவு. சுத்தமான ஒன்றை விற்கிறவர் யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், எஃப் 16 வானப் படத்தோடு. கூழைக்கடாவுக்கு அலுமாரியைத் திறக்கிறேன்.