மொத்த இழுவை ஒத்துப்போனால் போதுமா?

காட்பாடிப் பெண்:
எம்.டெக். ப்ராஜெக்டுக்காக கேசிஎஸ் என்ற, ஆராய்ச்சிக்கென்றே வரைந்த கன்டெய்னர் கப்பலைச் சுற்றி ஓடும் நீரை சிமுலேஷன் செய்கிறேன். 230 மீட்டர் கப்பலுக்கு 7.28 மீட்டர் மாதிரி. கொரியாவில் அதைத் தொட்டியில் இழுத்து அளந்த மொத்த இழுவைக்கும் (நீர் கப்பலைத் தடுக்கும் விசை) என் கணக்குக்கும் 0.8 சதவீதம்தான் வித்தியாசம். "சரிபார்த்தாச்சு, எழுதி முடி" என்கிறார் கைடு. ஆனால் ப்ரொப்பெல்லர் சுழலும் இடத்தின் வேகக் கோடுகளை அச்செடுத்து, அளந்த படத்தின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

வாலாஜா ரமேஷ்:
விட்டுவிடு தங்கச்சி. கப்பல் டிசைன் ஆபீஸில் 11 வருஷமாக இருக்கிறேன். எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டும் என்றுதான் கப்பல்காரர் கேட்பார். தொட்டி அளவீட்டிலேயே ஒரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். நீ அதற்குள் வந்துவிட்டாய்.

சத்துவாச்சாரி சேகர்:
ரமேஷ் தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால்குலேட்டரை எடுங்கள். இந்த மாதிரியின் ரெனால்ட்ஸ் எண் (நீளம், வேகம், நீரின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்த எண்) 1.4 கோடி. ஐடிடிசி என்ற சர்வதேசத் தொட்டிச் சோதனை மாநாடு 1957-இல் தந்த உராய்வுச் சூத்திரத்தில் போட்டால் உராய்வுக் கெழு 0.00283 வரும் (கெழு என்றால் அளவையும் வேகத்தையும் வகுத்து நீக்கிய எண்). அளந்த மொத்த இழுவைக் கெழு 0.00356. அதாவது விடையில் 80 சதவீதத்தை, கப்பலின் வடிவமே தெரியாத சூத்திரம் கொடுத்துவிடுகிறது! அலையும் வடிவமும் சேர்ந்து மீதி 20 சதவீதம்தான். மொத்தத்தில் 1 சதவீதப் பிழை என்றால் அந்த மீதியில் 5 சதவீதம். உராய்வு கூடி, அழுத்தம் குறைந்து, இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்திருந்தாலும் 0.8 வரும்.

வாலாஜா ரமேஷ்:
சரி சார், ஆனால் ப்ரொப்பெல்லர் இடத்தில் அளந்த அந்தப் பின்னோட்டமும் (கப்பலின் பின்னால் வரும் நீரோட்டம்) மாதிரிக்குத்தானே? கேசிஎஸ் கப்பலை யாரும் கட்டவே இல்லை. கட்டியிருந்தால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 175 மடங்கு கூடும், பின்னோட்டமும் மாறும். ஏழு மீட்டர் படத்தின் வளைவுகளுக்காக ஒரு பெண் ஆறு மாதம் ஏன் தவிக்க வேண்டும்? இரண்டு முகப்பு வடிவங்களில் எது நல்லது என்று பார்க்கத்தான் எனக்கு சிமுலேஷன். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் கழித்துவிடலாம்.

சத்துவாச்சாரி சேகர்:
மாதிரி வேறு, கடல் வேறு என்பதில் உங்கள் பக்கம்தான். மாதிரிச் சோதனைக்கு முன்னோடியான ஃப்ரூட் அதனால்தான் 1870-களில் கிரேஹவுண்ட் என்ற நிஜக் கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து, தன் மாதிரிக் கணக்கைச் சோதித்தார். ஆனால் அளந்த இடத்திலேயே தவறும் கணக்கை அளக்காத இடத்துக்கு எந்தத் தைரியத்தில் கொண்டுபோவது? பெரிய கப்பலில் உராய்வுக் கெழு குறையும், பங்குகள் மாறும். இங்கே கழிந்த பிழை அங்கே கழியாது. கேவிஎல்சிசி2 என்ற இன்னொரு ஆராய்ச்சி டேங்கர் நினைவிருக்கிறதா? அளந்த படத்தில் கோடுகள் கொக்கி போல வளையும். அடிவளைவில் கிளம்பும் சுழல் அது. கே-எப்சிலான் என்ற சாதாரண டர்புலன்ஸ் மாடலில் (நீரின் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் முறை) அந்தக் கொக்கியே காணாமல் போகும். ப்ரொப்பெல்லர் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் அதை வெட்டிக்கொண்டு போகிறது. அதிர்வும் குமிழியும் அங்கிருந்துதான் வருகின்றன.

நான் பாலம் கட்டும் வேலையில் இருந்தவன். 2021 நவம்பர் வெள்ளம் வடிந்ததும் பாலாற்றில் இறங்கிப் பார்த்தேன். தூணின் முகத்தடியில் ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி, நாலு எட்டு தள்ளி மணல் அசையாமல் கிடந்தது. ஆற்றில் மொத்தம் எத்தனை கன அடி போனது என்று சரியாகச் சொல்லலாம். குழி பறித்தது தூணைச் சுற்றிய சுழல். அது தவறினால் பாலத்துக்கு என்ன பதில் சொல்வேன்?

வாலாஜா ரமேஷ்:
தூணுக்குச் சரி. இழுவைக்கு இன்னும் நான் சொன்னதுதான். ஆனால் தங்கச்சி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். எத்தனை மெஷ்ஷில் (நீரைக் கணக்குக்காகச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) ஓட்டினாய்?

காட்பாடிப் பெண்:
ஒன்றில்தான் அண்ணா. நீங்கள் கேட்ட பிறகு இன்னும் இரண்டு ஓட்டினேன், நேற்று ராத்திரிதான் முடிந்தது. மெஷ்ஷை நெருக்க நெருக்க வித்தியாசம் 0.8-லிருந்து 2.1, அப்புறம் 2.6.

வாலாஜா ரமேஷ்:
அப்படியென்றால் 0.8 தற்செயல். சேகர் சார், இந்த இடத்தில் நீங்கள் சொன்னதே சரி. தங்கச்சி, மூன்று எண்ணையும் ரிப்போர்ட்டில் போடு. அடுத்து டர்புலன்ஸ் மாடலை மாற்று, மெஷ்ஷைத் தொடாதே.

சத்துவாச்சாரி சேகர்:
மாற்றியதும் அந்தப் படத்தை மறுபடி ஜன்னலில் வைத்துப் பாரம்மா. இங்கே போடு, நானும் பார்க்கிறேன்.