47 எச்7 பேரிங் துளை நீள்வட்டமாகிறது: கோளாறு வைஸிலா, எக்ஸ் அச்சிலா?

கேள்வி

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு ஜாப் ஒர்க் கூடத்தில் விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து வெட்டு இயந்திரம்) பகுதியைக் கவனித்து வருகிறேன். மோனோபிளாக் பம்ப் மோட்டாரின் எண்ட் கவரில் 6204 பேரிங் உட்காரும் துளையை எங்களால் வட்டமாக எடுக்க முடியவில்லை. பொருள் எஃப்ஜி 260 வார்ப்பிரும்பு. துளை 47 எச்7, அதாவது விட்டம் 47.000 முதல் 47.025 மி.மீ. வரை இருக்கலாம். ஆழம் 14 மி.மீ.; துளையைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் 6 மி.மீ. மட்டுமே.

இயந்திரம் பிடி40 ஸ்பிண்டில் கொண்டது. கன்ட்ரோல் ஃபானுக் 0ஐ-எம்எஃப். 16 மி.மீ. விட்டமுள்ள நான்கு பல் கார்பைடு எண்ட்மில்லை ஜி03 வட்டப்பாதையில் ஓட்டுகிறோம். ரஃப்பிங் முடிந்தபின் விட்டத்தில் 0.4 விட்டு, 2000 ஆர்பிஎம், எஃப்500 (ஃபீடு, அதாவது டூல் நகரும் வேகம், நிமிடத்துக்கு 500 மி.மீ.) வைத்து ஒரே சுற்றில் ஃபினிஷ் எடுக்கிறோம். ஜாபைப் பிடிப்பது சாதாரண மெஷின் வைஸில். அது ஒய் திசையில் இறுக்குகிறது. ஜாபைக் கழற்றி போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் எக்ஸ் திசையில் 47.008, ஒய் திசையில் 47.041 காட்டுகிறது. ஒய் அளவைப் பிடிப்பதற்காக ஆஃப்செட்டை மாற்றினால் எக்ஸ் 47-க்குக் கீழே போய்விடுகிறது. மோட்டார் ஓடும்போது பேரிங் சத்தம் போடுகிறது என்று வாடிக்கையாளர் ஜாபைத் திருப்பி அனுப்புகிறார்.

கன்ட்ரோலின் 1851-ஆம் பாராமீட்டரில் பேக்லாஷ் (அச்சு திசை மாறும்போது வீணாகும் சிறு இடைவெளி) மதிப்பைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அருகிலுள்ள கூடத்தில் சொல்கிறார்கள். அதில் கை வைப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன்.

டூல்ரூம் மேற்பார்வையாளர்

பாராமீட்டரைத் தொடாமல் நிறுத்தியது நல்லது, சார். நீங்கள் தந்திருக்கும் இரண்டு அளவுகளுக்கும் இரண்டு வெவ்வேறு காரணங்கள் பொருந்துகின்றன. எது என்று பிரித்தறியாமல் எதையும் மாற்றக் கூடாது.

முதல் காரணம் வைஸ். 6 மி.மீ. சுவரை ஒய் திசையில் இறுக்கும்போது, வளையலை இரு விரலால் அமுக்கியது போல அந்தத் துளை ஒய்யில் சுருங்கி எக்ஸில் விரிகிறது. அந்த நிலையில் எண்ட்மில் அதை வட்டமாகவே வெட்டுகிறது. வைஸைத் தளர்த்தியதும் சுவர் தன் இயல்பான நிலைக்குத் திரும்புவதால் ஒய் பெரிதாகவும் எக்ஸ் சிறிதாகவும் ஆகிவிடுகின்றன. இரண்டாவது காரணம் எக்ஸ் அச்சின் பேக்லாஷ். எக்ஸ் திசை மாறும் இடத்தில் பால்ஸ்க்ரூ (டேபிளை நகர்த்தும் திருகு) திரும்பத் தொடங்கினாலும் அந்த இடைவெளி தீரும்வரை டேபிள் நகராது. ஆகவே டேபிள் உண்மையில் ஓடும் தூரம் குறைந்து, துளையின் எக்ஸ் விட்டம் சிறுத்துவிடும். முடிவில் போர் கேஜில் தெரிவது இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஃபினிஷ் முடிந்தவுடன் வைஸைத் தளர்த்தாமல், துளையிலுள்ள தூளை நன்றாகத் துடைத்துவிட்டு, எக்ஸ், ஒய் இரண்டு திசையிலும் அளவெடுங்கள். பிறகு தளர்த்திவிட்டு, ஜாபை எடுக்காமலேயே மறுபடியும் அளவெடுங்கள். பிடியில் இருக்கும்போதே தெரியும் வேறுபாடு இயந்திரத்தினுடையது. தளர்த்தியபின் கூடும் வேறுபாடு வைஸினுடையது. போர் கேஜை மைக்ரோமீட்டரில் வைத்து ஜீரோ செய்கிறீர்கள் என்றால் அதை விட்டுவிட்டு 47 மி.மீ. ரிங் கேஜில் (துல்லியமான அளவு வளையத்தில்) செய்யுங்கள். ஜாப் சூடாக இருக்கும்போது எடுக்கும் அளவையும் நம்ப வேண்டாம். வார்ப்பிரும்பில் 47 மி.மீ. விட்டம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ அரை மைக்ரான் விரியும் என்பதால், பத்து டிகிரி சூடு உங்கள் டாலரன்ஸில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

புரோகிராமர்

மேலே சொன்ன சோதனையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 டிகிரியிலும் 135 டிகிரியிலும் அளவெடுத்துப் பாருங்கள். நீள்வட்டத்தின் நீண்ட பக்கம் அந்தச் சாய்வான திசையில் இருந்து, ஜி03-க்குப் பதில் ஜி02-வில் (எதிர்த்திசை வட்டத்தில்) வெட்டும்போது மறுசாய்வுக்கு மாறினால், இரண்டு அச்சுகளின் செர்வோ வேகம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். உங்கள் அளவுகளைப் பார்த்தால் அது இருக்காது என்றே தோன்றுகிறது. ஆனாலும் சில நிமிட வேலைதான்.

எனக்கு உறுத்துவது ஃபீடு. ஜி41 (டூலின் ஆரத்தை ஈடுசெய்யும் கட்டளை) போட்டிருந்தாலும் கன்ட்ரோல் பொதுவாக எஃப் மதிப்பை டூலின் மையத்துக்குத்தான் கணக்கிடுகிறது. துளையின் உட்புறத்தில் டூல் மையம் 31 மி.மீ. வட்டத்தில் சுற்றும்போது வெட்டும் முனை 47 மி.மீ. வட்டத்தில் சுற்றுவதால், சுவரில் ஃபீடு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. நீங்கள் கொடுத்த 500, சுவரில் சுமார் 758; ஒரு பல்லுக்கு 0.095 மி.மீ. ரஃப்பிங்குக்கு அது பொருந்தும், எச்7 ஃபினிஷுக்குப் பொருந்தாது. டூல் பின்வாங்கும், சுவரும் கரடாக இருக்கும். ஒரு பல்லுக்கு 0.05 என்று வைத்தால் சுவரில் 400 வேண்டும். அதற்கு எழுத வேண்டியது எஃப்265 அளவில்தான்.

டூல் சுவரைத் தொடும் முறையும் முக்கியம். நேர்க்கோட்டில் போய் சுவரில் இடித்து நின்றுவிட்டு வட்டம் தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு குழி விழும். துளை மையம் எக்ஸ்0 ஒய்0 என்று கொண்டு, ஆழத்துக்கு இறங்கியபின் இப்படி எழுதிப் பாருங்கள்:

ஜி90 ஜி01 ஜி41 எக்ஸ்11.5 ஒய்-12.0 டி01 எஃப்265
ஜி03 எக்ஸ்23.5 ஒய்0 ஆர்12.0
ஜி03 ஐ-23.5
ஜி03 ஐ-23.5
ஜி03 எக்ஸ்11.5 ஒய்12.0 ஆர்12.0
ஜி01 ஜி40 எக்ஸ்0 ஒய்0

முழு வட்டத்தின் வரியை இருமுறை எழுதியிருப்பது தவறுதலாக அல்ல. முதல் சுற்றில் டூல் வளைந்ததால் மிச்சமாக நிற்கும் சில மைக்ரான்களை இரண்டாம் சுற்று எடுத்துவிடும். டி01-இன் (டூல் ஆஃப்செட் எண்) தேய்மான மதிப்பை வைத்து 47.012-ஐக் குறிவையுங்கள். ஃபினிஷுக்கு விட்டத்தில் 0.2 விட்டாலே போதும்.

இயந்திரப் பராமரிப்பாளர்

அளவெடுக்கும் வேலை நடக்கும்போதே எக்ஸ் அச்சையும் பார்த்துவிடுங்கள். ஸ்பிண்டிலில் ஒரு மைக்ரான் டயலைப் பொருத்தி, டேபிளில் இறுக்கிய ஒரு கட்டையின் பக்கவாட்டில் தொடவையுங்கள். ஹேண்ட்வீலில் ஒரே திசையில் அரை மில்லிமீட்டர் வந்தபின் டயலை ஜீரோ செய்யுங்கள். அதே திசையில் இன்னும் 0.1 போய், மறுதிசையில் 0.1 திரும்புங்கள். டயல் ஜீரோவுக்கு வராமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அச்சு இழக்கும் நகர்வு.

இதை டேபிள் ஓட்டத்தின் இடக்கோடி, நடு, வலக்கோடி ஆகிய மூன்று இடங்களிலும் செய்தே ஆக வேண்டும். நடுவில் மட்டும் அதிகமாக இருந்தால் பால்ஸ்க்ரூ அங்கே தேய்ந்திருக்கிறது. ஜாப் எல்லாம் டேபிளின் நடுவிலேயே ஓடும் கூடங்களில் இது சகஜம். அதிலும் வார்ப்பிரும்புத் தூள் வைப்பரைத் தாண்டி உள்ளே போகும் இயந்திரம் என்றால் சொல்லவே வேண்டாம். 1851-இல் ஓர் அச்சுக்கு ஒரே மதிப்புதான் கொடுக்க முடியும். நடுப்பகுதிக்கு ஏற்றதைக் கொடுத்தால் ஓரங்களில் தேவைக்கு மேல் தள்ளிவிடும். மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்தால் ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது, அதைத் தாங்கும் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் லாக்நட்டைச் சந்தேகிக்கலாம்.

லாக்நட்டைப் பார்க்க, கவரைக் கழற்றி, ஸ்க்ரூவின் நுனியிலுள்ள சென்டர் குழியில் சிறிது கிரீஸ் தடவி ஒரு எஃகுக் குண்டை ஒட்டவையுங்கள். தட்டையான முனையுள்ள டயலை அந்தக் குண்டின்மேல் வைத்து, டேபிளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திசை மாறும்போது முள் குதித்தால் ஸ்க்ரூவே அச்சுத் திசையில் ஆடுகிறது. செர்வோ ஆன் நிலையில் செய்யும் சோதனை இது. கையும் சட்டைக் கையும் ஸ்க்ரூவின் அருகில் போகக் கூடாது, ஹேண்ட்வீலைப் பிடித்திருப்பவரைத் தவிர வேறு யாரும் பேனலைத் தொடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தோம். வைஸ் இறுக்கத்தில் இருக்கும்போது எக்ஸ் 47.019, ஒய் 47.028. தளர்த்தியபின் எக்ஸ் 47.007, ஒய் 47.040. 45, 135 டிகிரிகளில் ஒரே அளவு. ஜி02-வில் வெட்டினாலும் மாறவில்லை. டயல் சோதனையில் எக்ஸ் அச்சு மூன்று இடங்களிலும் 8 மைக்ரான், ஒய் அச்சு 2 மைக்ரான். குண்டு வைத்துப் பார்த்தபோது எக்ஸ் ஸ்க்ரூ 6 மைக்ரான் குதிக்கிறது.

வைஸை விட்டுவிட்டு மூன்று தாடை சக் ஒன்றை டேபிளில் பொருத்திப் பிடிக்கலாமா? எங்களிடம் ஒன்று சும்மா இருக்கிறது.

டூல்ரூம் மேற்பார்வையாளர்

உங்கள் அளவுகளே விடை சொல்லிவிட்டன. மொத்தம் 33 மைக்ரானில் 9 மட்டுமே இயந்திரத்தினுடையது. மீதி 24 வைஸினுடையது. அந்த 33-ஐயும் 1851-இல் ஏற்றியிருந்தால், இந்த ஜாப் கையில் இருக்கும்வரை சரியாகத் தெரிந்து, அடுத்த ஜாப் கெட்டுப்போயிருக்கும்.

மூன்று தாடை சக் பிடியை நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே மெல்லிய சுவரை மூன்று இடத்தில் அமுக்கினால் துளை மும்முனை வடிவாக மாறும். அந்த வடிவத்தில் ஒரு பக்கம் மேடாக இருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பள்ளமாக இருப்பதால், இரண்டு புள்ளிகளில் தொடும் உங்கள் போர் கேஜ் எந்தத் திசையில் வைத்தாலும் ஒரே விட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஜாப் பாஸ் ஆகிவிடும், பேரிங் மட்டும் தொடர்ந்து சத்தம் போடும். அப்படி ஒரு வடிவம் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்பிண்டிலில் லீவர் டயலைப் பொருத்தி, துளையின் மையத்தில் நிறுத்தி, ஸ்பிண்டிலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஜாபைத் தளர்த்தியபின் செய்தால்தான் அது தெரியும்.

பக்கவாட்டில் அமுக்குவதையே நிறுத்துங்கள். எண்ட் கவரில் போல்ட் போகும் காதுகள் இருக்குமே, அவற்றை ஒரு தட்டையான ஃபிக்சர் பிளேட்டின்மேல் உட்காரவைத்து, ஒவ்வொரு காதையும் மேலிருந்து கிளாம்ப் செய்யுங்கள். கிளாம்ப் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இருக்க வேண்டும். இல்லையென்றால் காது வளைந்து அந்த வளைவு துளை வரை வரும். ரஃப்பிங்குக்கும் ஃபினிஷுக்கும் நடுவில் எம்00 போட்டு நிறுத்தி, கிளாம்ப்களை ஒருமுறை தளர்த்திவிட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவில் மெதுவாக இறுக்குங்கள். மேல்தோல் வெட்டப்பட்ட வார்ப்பு தனக்குள் இருந்த இறுக்கத்தை அப்போது விட்டுவிடும்.

இயந்திரப் பராமரிப்பாளர்

மூன்று இடத்திலும் ஒரே 8, அதில் 6 ஸ்க்ரூ நுனியிலேயே தெரிகிறது என்றால் லாக்நட் தளர்ந்திருக்கிறது. அந்த வேலையைத் தெரிந்த சர்வீஸ் ஆளை வைத்துச் செய்யுங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் தாங்கு பேரிங் சூடேறிப் போய்விடும். இறுக்கியபின் 1851-இல் ஏற்கெனவே இருக்கும் மதிப்பைக் குறித்துவைத்துவிட்டு, டயல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய மதிப்பு தளர்ந்த நிலைக்காகக் கொடுக்கப்பட்டதாக இருந்தால் இப்போது அதைக் குறைக்க வேண்டியிருக்கும். ரேப்பிட் (வெட்டாத அதிவேக) நகர்வுக்கான 1852-ஐயும் சேர்த்துப் பாருங்கள். லாக்நட் நகர்ந்தால் எக்ஸ் ரெஃபரன்ஸ் சிறிது மாறலாம். ஜி54 முதலான (ஜாபின் ஜீரோ இடத்தைக் குறிக்கும்) எல்லா எக்ஸ் ஆஃப்செட்டையும் புதிதாக எடுத்த பிறகே ஜாபை ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

லாக்நட் இறுக்கப்பட்டு, எக்ஸ் அச்சு இப்போது 2 மைக்ரானில் நிற்கிறது. காதுகளில் பிடிக்கும் ஃபிக்சரும் தயாராகிவிட்டது. புதிய புரோகிராமில் வெட்டிய துளை பிடியில் எக்ஸ் 47.013, ஒய் 47.015, தளர்த்தியபின் எக்ஸ் 47.012, ஒய் 47.016. லீவர் டயலைச் சுற்றிப் பார்த்தோம். மும்முனை வடிவம் தெரியவில்லை.

இந்த ஜாப் இனி மாதந்தோறும் வரும். எண்ட்மில் தேயத் தேய ஆஃப்செட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா, அல்லது ஃபினிஷை ஃபைன் போரிங் ஹெட்டுக்கு (ஒற்றை முனையை ஸ்பிண்டிலோடு சுழற்றித் துளையை முடிக்கும் டூல்) மாற்றிவிடலாமா?

புரோகிராமர்

தொடர்ந்து வரும் ஜாப் என்றால் போரிங் ஹெட்டுக்கே மாறுங்கள். அதில் வட்டம் ஸ்பிண்டில் சுழற்சியிலிருந்து வருகிறது. எக்ஸும் ஒய்யும் நின்ற இடத்தில் நிற்பதால் பேக்லாஷுக்கு அங்கே வேலையே இல்லை. எண்ட்மில்லில் விட்டத்துக்கு 0.2 விட்டுவிட்டு, கார்பைடு இன்சர்ட்டில் 800 ஆர்பிஎம், எஃப்65 என்று தொடங்கிப் பாருங்கள். துளை ஒரே ஆழத்தில் முடிவதால், அடிப்பகுதியின் முகத்தையும் ஓரப் பள்ளத்தையும் எண்ட்மில்லிலேயே முன்கூட்டி முடித்துவிட வேண்டும். போரிங் பார் அடியில் போய் முட்டக் கூடாது.

ஜி76 (ஃபைன் போரிங் கட்டளை) பயன்படுத்தும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அடியில் ஸ்பிண்டில் குறிப்பிட்ட கோணத்தில் நின்று, க்யூ மதிப்பின் அளவுக்கு டூல் பக்கவாட்டில் விலகி, அதன்பிறகே மேலே வரும். விலகும் திசையை 5148-ஆம் பாராமீட்டர் தீர்மானிக்கிறது. இன்சர்ட்டின் முனை அதற்கு நேர் எதிர்த்திசையைப் பார்த்திருக்கும்படி ஹெட்டை ஹோல்டரில் பொருத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலகும்போது முனை சுவருக்குள் புகுந்து, முடித்துவைத்த துளையைக் கிழித்துவிடும். முதலில் ஜாபே இல்லாமல் காற்றில் ஜி76-ஐச் சிங்கிள் பிளாக்கில் ஓட்டி, எம்19-இல் (ஸ்பிண்டிலைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தும் கட்டளை) முனை நிற்கும் திசையையும் டேபிள் நகரும் திசையையும் கண்ணால் பாருங்கள். ஹெட்டை ஹோல்டரிலிருந்து கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். க்யூ 0.2 போதும், அதை மைனஸ் குறியோடு எழுத வேண்டாம்.