சேர்ந்திசைக் குழுவில் சுருதி ஏன் இறங்குகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

சேர்ந்திசைக் குழுவைப் பொறுப்பெடுத்து நடத்த முன்வந்திருக்கும் இசை ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வேறு, முப்பது பேரை ஒரே குரலாகப் பாடவைப்பது வேறு. தனி வகுப்பில் கூடவே பாடிப் பழகிய ஆசிரியர் குழுவிலும் அப்படியே செய்வார். அப்போது அவர் காதில் விழுவது அவர் குரல் மட்டும்தான். கடைசி வரிசை என்ன பாடுகிறது என்று தெரியாது. ஒரு வரியைப் பாடிக்காட்டிவிட்டு வாயை மூடிக் கேளுங்கள். உங்கள் தொண்டைக்கும் அதுதான் பாதுகாப்பு. நாள் முழுக்க வகுப்பில் கத்திப் பேசி, மாலையில் குழுவோடு முழுக்குரலில் பாடுகிறவருக்குக் குரல் கரகரத்துப் போவதில் வியப்பில்லை.

முதலில் கட்டையை, அதாவது பாட்டின் ஆதாரமான ஸட்ஜம் (ஸ) நிற்கும் உயரத்தை, சரியாக எடுக்க வேண்டும். பெண்கள் 5, 5½ கட்டையில் பாடுவார்கள், ஆண்கள் 1 கட்டையில் பாடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வதைக் கலப்புக் குழுவில் அப்படியே பிடித்துக்கொண்டால் யாராவது ஒரு பக்கம் திணறும். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் எழுதிப் பாருங்கள். மத்திய ஸட்ஜத்திலிருந்து மேல் காந்தாரம் (மேல் ஸ-வையும் தாண்டி வரும் க) வரை மட்டும் போகும் பாட்டென்றால் 6 கட்டை இரு தரப்புக்கும் பொருந்தும். ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) வித்தியாசத்தில் இருவரும் சிரமமில்லாமல் பாடலாம். அதே பாட்டு மந்தர பஞ்சமத்தை (மத்திய ஸட்ஜத்துக்குக் கீழே உள்ள ப) தொட்டால் 6 கட்டையில் கீழே சத்தமே வராது. அதற்கு ஸட்ஜத்தை மேலே தூக்கி, 6-க்கு மேலே வரும் அடுத்த 1 கட்டையில் வைக்க வேண்டும். மேல் காந்தாரம் பெண்களுக்கு உயரமாகத்தான் இருக்கும், ஆனாலும் தொண்டையைத் திறந்து பாடினால் கிடைக்கும்.

இனி எல்லாக் குழுக்களையும் வாட்டும் விஷயம். துணை வாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி நழுவுகிறது. சரணத்துக்கு 25 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாலு சரணம் முடியும்போது ஒரு அரைச்சுரம் போயிருக்கும். இதற்கு ஞானமில்லாத யாரோ ஒருவரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தவறு. ஒரே சுரத்தில் பல அட்சரங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒவ்வொன்றும் மயிரிழை தாழ்கிறது. இறங்கும் வரிசையில் அடி பெரிதாக வைக்கிறார்கள், ஏறும்போது சின்னதாக வைக்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் மூச்சு வற்றுகிறது. ஜன்னல் மூடிய புழுக்கமான அறை, கூன் போட்டு உட்கார்ந்திருப்பது, இரண்டு மணி நேரம் இடைவேளையே இல்லாத ஒத்திகை, எல்லாமே கீழே இழுக்கும்.

உடனே பலன் தருவது எழுந்து நிற்கச் சொல்வதும், பாட்டை அரைக் கட்டை ஏற்றிப் பார்ப்பதும். ஏற்றினால் இன்னும் சிரமம்தானே என்று தோன்றும். ஆனால் குரல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் இடத்திலேயே பாட்டு சுற்றிக்கொண்டிருந்தால்தான் நழுவல் அதிகம். அரைக் கட்டையில் அந்த இடம் தள்ளிப்போகிறது. அதோடு, குழுவில் பாதிப் பேர் ஸட்ஜத்தை ‘ம்’ என்று பிடிக்க, மற்றவர்கள் வரியை ‘நூ’ என்று மட்டும் பாடட்டும். சொல் போய்விட்டால் காது விழித்துக்கொள்ளும். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

கீபோர்டை எப்போதும் கூடவே வாசிக்காதீர்கள். அதன் அந்தர காந்தாரம் (ஸ-வுக்கு நாலு அரைச்சுரம் மேலே உள்ள க), ஸட்ஜத்தோடு 5:4 அதிர்வெண் விகிதத்தில் வரும் இயற்கையான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயரம். தம்பூராவோடு இழைந்து பாடும் குழு சரியாகவே பாடினாலும் கீபோர்டோடு சேரும்போது உரசும். தொடங்கும் சுரத்தைக் கொடுக்க மட்டும் கீபோர்டு, பயிற்சிக்குத் தம்பூரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல் விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். ‘வானம்’ என்ற சொல்லில் ‘னம்’ நாலு எண்ணிக்கை நீள்கிறது என்றால், பலர் இரண்டாவது எண்ணிக்கையிலேயே உதட்டை மூடிவிடுவார்கள். மீதி முழுக்க மூக்கொலிதான். சத்தம் பாதியாகிவிடும், சுருதியும் மங்கும். ‘ன’வின் அகரத்தைத் திறந்தே பிடித்து, நாலாவது எண்ணிக்கை முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக ‘ம்’ போட வேண்டும். அந்த இடத்தைப் பாட்டுத்தாளில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். ஐகாரம் நீண்டால் அகரத்தில் நின்று கடைசியில்தான் இகரத்துக்குத் திரும்ப வேண்டும். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். உயிரெழுத்தின் நடுவில் சத்தமில்லாமல் விலகி, சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பையன்களைக் குரல் உடைகிறது என்று வெளியே அனுப்பாதீர்கள். அது மனத்தை உடைக்கும் செயல்; பலர் அதன் பிறகு வாழ்நாள் முழுக்கப் பாடுவதில்லை. அந்தச் சமயத்தில் ஐந்தாறு சுரங்கள்தான் உறுதியாக வரும். அவை எவை என்று சில வாரங்களுக்கு ஒருமுறை கேட்டு, அதற்குள் அடங்கும் தனிப் பகுதி எழுதிக்கொடுங்கள்.

ஒத்திகைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் குரல் பயிற்சி: மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே ஊதிக்கொண்டே சுரம் பிடிப்பது, பிறகு ப-ம-க-ரி-ஸ என்று இறங்கிவருவது. மேல்சுரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். கடினமான வரியை முதல் அரை மணிக்குள் எடுங்கள். முடிக்கும்போது தெரிந்த பாட்டு ஒன்றை முழுதாகப் பாடி அனுப்புங்கள். அந்த ஒன்றரை மணிக்கு ஆசிரியர் வீட்டில் அதே அளவு நேரமாவது உட்கார வேண்டியிருக்கும்: மூச்சுக் குறி, ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கச் சுரம், கை எங்கே காட்டுவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

மேடையில் குழுவை அகலமாகப் பரப்பாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வந்து சேர 0.03 நொடி. ஓரத்தில் இருப்பவர் காதை நம்பிப் பாடினால் பின்தங்குவார், கையைப் பார்த்துப் பாடினால் சேர்ந்து வருவார். தாள வாத்தியத்தை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். அரங்கத்தில் ஒத்திகைக்கு அரை மணிதான் கிடைத்தது என்றால் முழுப் பாட்டும் வேண்டாம். ஏறி நிற்பது, ஒவ்வொரு பாட்டின் தொடக்கம், வேகம் மாறும் இடங்கள், கடைசி மெய்யெழுத்து, இறங்குவது, இவற்றை மட்டும் பாருங்கள்.