ஓபியாய்டு: மூட்டுவலிக் கையேட்டுக்கு என்ன சொல்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மார்ஃபின், ட்ரமடால் போன்ற வலிமையான வலி மருந்துகளின் வகைப்பெயரான 'ஓபியாய்டு' என்பதற்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இதோ.

> 'போதை வலிநிவாரணி' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்தச் சொல் நாள்பட்ட மூட்டுவாத வலிக்காரர்கள் படிக்கும் கையேட்டில் வரப்போகிறது. மாதக்கணக்கில் ட்ரமடால் சாப்பிட்டு வருபவர் 'போதை' என்று பார்த்ததும் பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடலாம். நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வந்து படுத்தும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டு. தவிர, கஞ்சாவும் கொக்கெயினும்கூடப் போதைதான். அவை ஓபியாய்டு அல்லவே.

> அப்படியானால் 'அபினி மருந்து'?

பாதி சரி. மார்ஃபினும் கோடீனும் அபினியில் இருப்பவை. ஃபென்டனில், மெத்தடோன், ட்ரமடால் எல்லாம் முழுக்க ஆய்வகத்தில் செய்தவை, அபினி தரும் கசகசாச் செடிக்கும் அவற்றுக்கும் ஒட்டில்லை உறவில்லை. ஓபியேட், ஓபியாய்டு என்று இரண்டு சொற்கள் புழங்குவது இதனால்தான். முன்னதற்கு 'அபினியம்' போதும்.

பின்னதற்கு ஒருவர் 'அபினிப்போலி' என்று எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. ஆனால் 1975-இல் மூளையிலேயே கண்டறியப்பட்ட என்கெஃபலினும், அதற்கு அப்புறம் வந்த எண்டார்ஃபினும் இந்த வகுப்பில்தான் சேரும். நம் உடம்பு தானாகச் சுரப்பதைப் போலி என்று சொல்வதா? எங்கிருந்து வந்தாலும் உயிரணுக்களில் உள்ள ஒரே வகை ஏற்பிகளில் (ரிசெப்டார்) போய் ஒட்டுவதுதான் இவற்றுக்குள் பொது. ஆகவே 'அபினியொப்பி' என்று முன்மொழிகிறேன். 'அபினியொப்பி ஏற்பி' என்று சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறதுதான், பழகிவிடும்.

என் பெரிய கவலை வேறு. நம் பட்டியலில் டாலரன்ஸ், டிபென்டென்ஸ், அடிக்‌ஷன் மூன்றுக்கும் எதிரே 'அடிமையாதல்' என்றே இருக்கிறது. மூன்றும் வேறு வேறு. நேற்று வரை கேட்ட அளவு இன்று கேட்காமல் போவது முதலாவது. 'சகிப்புத்தன்மை' என்று அகராதியில் இருப்பதைப் போட்டால் நோயாளியின் பொறுமையைப் பாராட்டுவது போலாகிவிடும்! 'பழகுமந்தம்' எனலாம்: மருந்து பழகிப்போய் மந்தமாகிறது. இரண்டாவது, நிறுத்தினால் உடம்பு தடுமாறுவது, 'உடல்சார்பு'. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் யாருக்கும் இது வரலாம், ஒழுக்கக் குறைவு ஒன்றும் இல்லை. கெடுதல் என்று தெரிந்தும் வேட்கையை அடக்க முடியாமல் தேடிப் போவது மூன்றாவது. 'அடிமையாதல்' அதற்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று: சிலருக்கு இந்த மருந்தே வலியுணர்வைக் கூட்டிவிடும். 'மிகைவலியுணர்வு' என்று கொள்ளலாம். இதைப் பழகுமந்தம் என்று நினைத்து அளவைக் கூட்டினால் வலி மேலும் ஏறும்.

> 'போதை'யை எடுத்துவிட்டால் மருந்துக்கு நாமே பரிந்து பேசுவது போல் ஆகாதா?

எச்சரிக்கையை வாக்கியத்தில் சொல்வோம், பெயரில் திணிக்க வேண்டாம். சொல்வதற்கு நிறையவே இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் முதுகுவலியோ, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத்தேய்வு வலியோ உள்ள 240 பேரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு அபினியொப்பிகளும் மற்றதற்கு வேறு வலி மருந்துகளும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் அபினியொப்பி பிரிவு மேம்பட்டுவிடவில்லை. வலி அளவில் மற்றப் பிரிவே சற்று நன்றாக இருந்தது. 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் (American College of Rheumatology) வழிகாட்டலும் மூட்டுத்தேய்வுக்கு ட்ரமடால் தவிர்த்த மற்ற அபினியொப்பிகளை நிபந்தனையோடு வேண்டாம் என்றது. முடக்குவாதத்திலோ மூல காரணமான அழற்சியை இவை அடக்குவதே இல்லை. முதியவர்களுக்கு மலச்சிக்கல், மயக்கம், தடுமாறி விழுந்து எலும்பு முறிதல் என்று தொல்லைகள் வேறு. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். இவ்வளவையும் நேராக எழுதினால் யாரும் அதைப் பரிந்துரை என்று நினைக்க மாட்டார்கள்.

வலி மருந்துகளுக்குப் பொதுப்பெயராக 'வலிநீக்கி' வேண்டாம் என்பேன்; இவை வலியைத் தணிக்கின்றன, நீக்குவதில்லை. 'வலிதணிப்பி' சரியா?

அபினியொப்பி மிகையாகி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கக் கொடுக்கும் நலோக்சோன் மருந்துக்கும் வகைப்பெயர் வேண்டும். 'எதிர்ப்பி' என்றால் நுண்ணுயிர் எதிர்ப்பியோடு குழம்பும். 'ஏற்பித்தடுப்பி' என்று வைத்திருக்கிறேன், மருந்தியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.