திம்பம் மலைப்பாதையும் அந்த 200 ரூபாயும்

நொய்யல்கரை:
"கொங்கு மண்ணில் வழியில் நின்றவனை எவரும் கைவிட மாட்டார்கள், ஒரு பைசாவும் வாங்க மாட்டார்கள்" என்று சத்திக்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. கதையும் அவருடையதே. ஈரோட்டிலிருந்து மைசூருக்குத் தனியாகப் புல்லட்டில் கிளம்பியவர், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் 19ஆவதில் பின்சக்கரம் பஞ்சராகி நின்றிருக்கிறார். மேட்டுப்பாளையம் மண்டியில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் தாளவாடிக்குக் காலியாகத் திரும்பிய பிக்கப் வண்டிக்காரர் அவரைப் புல்லட்டோடு ஏற்றிப்போய் ஆசனூரில் விட்டிருக்கிறார். நல்லது. ஆனால் பதிவின் கடைசி வரியில் "200 ரூபாய் கொடுத்தேன்" என்று இருக்கிறதே, அது என்ன கணக்கு? அப்படியானால் நான் பேருந்தில் டிக்கெட் எடுத்துப் போனதையும் நடத்துநர் செய்த உதவி என்று எழுதலாம்.

சத்திக்காரன்:
ஐயா, அந்த வளைவில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை சாலைக்கு வரும் பகுதி. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அவர் தாமாகவே நிறுத்தினார். பின்னால் வந்த லாரியின் கிளீனர் பையனும் இறங்கி வந்து கைகொடுக்க, மூவருமாகப் புல்லட்டைத் தூக்கினோம். வண்டித் தளத்தில் ஒட்டிக்கிடந்த முட்டைக்கோஸ் இலையில் டயர் இரண்டு தடவை வழுக்கிற்று. டேங்கில் கீறல் விழக்கூடாதென்று சாக்கை மடித்து வைத்துத்தான் கயிறு கட்டினார். அவர் பணம் கேட்கவே இல்லை. நான்தான் சட்டைப் பையில் திணித்தேன். "சரி, டீசலுக்குன்னு வெச்சுக்கறனுங்க" என்றார்.

நொய்யல்கரை:
திணித்தீர்களோ தட்டில் வைத்துக் கொடுத்தீர்களோ, அவர் வாங்கினாரா இல்லையா? "ஒரு பைசாவும்" என்று எழுதியவர் நீங்கள். 200 ரூபாய்க்கு எத்தனை பைசா என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

ஊத்துக்குளி வெண்ணெய்:
இதில் பணத்தை விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே ட்யூப் இருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்ட முடியாது. ட்யூப்லெஸ் டயராக இருந்தால் வெளியிலிருந்தே திரியைச் செருகி, காற்றடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். மாற்று ட்யூபும் கழற்றும் கம்பியும் இல்லாமல் தனியாக மலையேறுகிறவருக்கு ஊரே உதவ வேண்டும் என்பது என்ன நியாயம்?

சத்திக்காரன்:
தங்கள் ட்யூப்லெஸ் பிரசங்கத்தை நான் கேட்கவில்லை.

கொடிவேரி மீன்:
உதவியவரைக் குறை சொல்வதே தவறு. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு இப்படிப்பட்ட நல்லெண்ணக்காரர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

நொய்யல்கரை:
அந்தப் பிரிவு விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர்களுக்கானது. பஞ்சரான புல்லட்டை அது எப்போது சேர்த்துக்கொண்டது? மஞ்சள் விலை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதி படித்துவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு நான் சொன்னதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கொடிவேரி மீன்:
மஞ்சளை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? ஈரோடு மஞ்சளைப் பற்றித் திருப்பூர்க்காரரான நீங்கள் எனக்குப் பாடம் நடத்தியதையும் நான் மறக்கவில்லை.

தாளவாடி மலர்:
ஒன்று கேட்கலாமா? எங்கள் தாளவாடி ஈரோடு மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் எங்களில் பலருக்கு வீட்டுமொழி கன்னடம். உங்கள் "கொங்குப் பெருமை"க்கு உரியவர் எந்த மொழிக்காரர் என்றாவது தெரியுமா?

சத்திக்காரன்:
அக்கா, சிக்னல் கிடைத்ததும் கைப்பேசியில் வீட்டாரிடம் அவர் கன்னடத்தில்தான் பேசினார். என்னிடம் நம் ஊர்த் தமிழில் பேசினார்.

நொய்யல்கரை:
கேட்டுக்கொள்ளுங்கள். பெருமை கொங்குக்காம், வண்டி ஓட்டியவர் கன்னடக்காரராம், 200 ரூபாயும் கைமாறியதாம். மூன்றையும் சேர்த்தால் நேற்றைய பதிவில் என்ன மிச்சம் இருக்கிறது?

தாளவாடி மலர்:
எங்களை வெளியூர்க்காரராக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அண்ணா. எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு அந்தச் சாலை எவ்வளவு பாடு என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துத் தடை அமலுக்கு வந்ததிலிருந்து காய் ஏற்றுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் வழியில் நிறுத்தி அரை மணி நேரம் கயிறு கட்டியிருக்கிறார்.

நொய்யல்கரை:
அரை மணி நேரத்துக்கு 200 ரூபாய் என்றால் கூலி தாராளம்தான்.

சத்திக்காரன்:
சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வண்டியை அழைத்திருந்தால் அந்தத் தொகைக்கு யார் மலையேறி வந்திருப்பார்கள்? நீங்கள் வருவீர்களா?

நொய்யல்கரை:
குறைந்த வாடகையும் வாடகைதான். கேட்டதற்குப் பதில் வரட்டும்: வாங்கினாரா, இல்லையா?

தாளவாடி மலர்:
அவர் பெயரையாவது கேட்டீர்களா, தம்பி?

சத்திக்காரன்:
கேட்க மறந்துவிட்டேன், அக்கா. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது திரும்பிப் பார்த்தேன், வண்டி போய்விட்டிருந்தது.

நொய்யல்கரை:
பெயர் மறந்துவிட்டது, 200 ரூபாய் மட்டும் மறக்கவில்லை.

சத்திக்காரன்:
அதை மறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
பஞ்சர் கடையில் ட்யூபை ஒட்டினார்களா, புதிதாக மாற்றினார்களா என்பதை இன்னும் சொல்லவில்லையே.