முடி வெட்டும் முன் தலையில் திட்டு தெரிந்தால் எப்படிச் சொல்வீர்கள்?

வணக்கம், அழகுக்கலை படிக்கிறேன், வெட்டுவதற்கு முன் தலைத்தோலைப் பார்க்கும் இடத்தில்தான் தடுமாறுகிறேன், அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள். புழுவெட்டு என்றால் திட்டு வழவழவென்று இருக்கும், ஓரத்தில் வேர்ப்பக்கம் மெலிந்த குட்டை முடிகள் நிற்கும், அது தொற்றாது, வெட்டலாம். படர்தாமரை என்றால் செதில் உரியும், முடி தோலோடு ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும், சீப்பு வழியாகக்கூட அடுத்தவருக்குப் பரவும், குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. இதுவரை சரி.

செதில் லேசாக மட்டும் இருந்தால் பொடுகா, படர்தாமரையா என்று எதை வைத்துச் சந்தேகப்படுவீர்கள்? அப்புறம், முக்கியமாக, நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட குழந்தையின் அம்மாவிடம் மனம் நோகாமல் "இன்று வெட்ட வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்பதை எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் பேசும் வார்த்தைகளை அப்படியே எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.