மறு: நசெல் – 'பொறிக்கூடு' வேண்டாமே

வணக்கம்.

மூன்று நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், இனிமேல் முடியாது. நடுவில் பேச்சு 'டிஃபையண்ட் கப்பலா, தேய்ந்த செருப்பா' என்று திசைமாறிப் போனதால், தம்பி முதலில் கேட்டதை மறுபடி ஒட்டுகிறேன்.

> ஸ்டார் டிரெக் கப்பல்களை ஒப்பிட்டுத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். கப்பலுக்கு ஒரு கோட்டுப்படம், பாகங்களுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர். மற்றதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கிறதே நசெல், அதற்குத்தான் சொல் அகப்படவில்லை. படத்தில் இடமும் குறைவு.

வந்த சொற்களில் முன்னால் நிற்பது ஐயா தந்த 'பொறிக்கூடு'. மறுத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். பொறிக்கூட்டை, பொறிக்கூட்டில், பொறிக்கூட்டுக்கு. 'இடது பொறிக்கூட்டில் சேதம்' என்று எழுதி, காதுக்கு எப்படி இருக்கிறதென்று வாய்விட்டு வாசித்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "இன்னிக்குப் பொரியலும் கிடையாது, கூட்டும் கிடையாது. ரசந்தான்." ஒரு கலைச்சொல் எழுவாயாக நிற்கும்போது அழகாக இருந்தால் போதாது, வாக்கியத்துக்குள் நாலு உருபோடு புழங்க வேண்டும். போதாக்குறைக்கு, பொறி என்றதும் பாதிப் பேருக்கு எலிதான் நினைவுக்கு வரும். அதோடு கூடும் சேர்ந்தால் முழுப் பேருக்கும்.

அடுத்தது 'இயந்திர உறை'. விமானத்துக்கு இது சரியாகவே பொருந்தும். ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் நாயகக் கப்பலான எண்டர்பிரைசுக்குப் பொருந்தாது. ஏன் என்று சொல்ல 1964க்குப் போக வேண்டும்.

அந்தக் கப்பலை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ் விமானப் பைத்தியம். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் 'கூடாது' பட்டியல்: ராக்கெட் மாதிரி இருக்கக் கூடாது, வால் இறகு கூடாது, பின்னால் நெருப்புக் கக்கக் கூடாது. மிச்சத்தை ஜெஃப்ரீஸ்தான் யோசித்தார். ஒளியை முந்துகிற இயந்திரம் என்றால் அதற்குள் என்ன வெறி இருக்கும், அதன் பக்கத்தில் பாயை விரித்து யாராவது படுப்பார்களா என்று எண்ணி, அதை இரண்டு குழலாக்கித் தண்டின் மேல் ஏற்றி, ஆள் புழங்கும் இடத்திலிருந்து எட்ட நிறுத்தினார். கப்பலின் மேற்பரப்பை வழவழவென்று விட்டதற்கும் காரணம் வைத்திருந்தார்: பழுதாகிற பொருளை வெளியே மாட்டினால், சரிசெய்ய வெளியேதானே போக வேண்டும். எனக்கு இந்த மனிதரைப் பிடித்ததே இந்த ஒரு யோசனையால்தான்.

ஆக, ஜெஃப்ரீசின் மனசில் இயந்திரம் அந்தக் குழலுக்குள் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை வயிற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். 1987இல் வந்த எண்டர்பிரைஸ்-டியில் இயந்திரத்தின் இதயம் கப்பலின் உடம்புக்குள் நெட்டுக்குத்தாக நிற்கிறது. நசெல்லுக்குள் இருப்பது விண்வெளியை வளைக்கும் சுருள்கள் மட்டும். 'இயந்திர உறை' என்று அம்புக்குறி போட்டால், முதல் கேள்வியே "இயந்திரம் அங்கே இல்லையே?" என்றுதான் வரும். கேட்கப்போவது யார் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும்.

(வெளியை வளைப்பது என்றதும், அதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'வார்ப்' என்ற சொல்லைப் பற்றி யாரும் ஆரம்பிக்காதீர்கள். அப்படியே எழுதினால் வார்ப்பிரும்பு ஞாபகம் வருகிறது, அகராதியைப் புரட்டினால் தறியில் ஓடும் பாவு வருகிறது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.)

'தூம்பு' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஏரிக் கரையில் மடை திறக்கும் தூம்பு. புதுக்கோட்டைப் பக்கம் குமிழித்தூம்பு என்றே பழைய கண்மாய்களில் உண்டு. நசெல்லின் முன்முனையில் சிவப்பாக ஒளிரும் குமிழுக்குப் பின்னாளில் வைத்த பெயரையும் பார்த்தால் ஆசை கூடுகிறது. விண்மீன்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தால் வாரி எரிபொருளாக்கலாம் என்று 1960இல் எழுதிய இயற்பியலாளர் ராபர்ட் பஸ்ஸார்டின் பெயர் அது. வாய் வழியே வாங்கி உள்ளே ஓடவிடுவது என்றால் தூம்பேதான். ஆனால் முப்பந்தல் காற்றாலைகளில் வேலை பார்க்கும் அண்ணன் எழுதியிருப்பது போல, காற்றாலைத் தூணின் உச்சியில் இருக்கும் நசெல்லுக்குள் எதுவும் ஓடுவதில்லை. அது பல்சக்கரப் பெட்டியும் மின்னாக்கியும் தடையும் அடைத்து வைத்த மூடிய அறை. கற்பனைக் கப்பலுக்கு ஒன்று, நிஜக் காற்றாலைக்கு ஒன்று என்று இரண்டு சொல் செய்ய எனக்கு மனசில்லை. முப்பந்தலில் தூணேறும் பையனும் எண்டர்பிரைஸ் பார்க்கும் பையனும் ஒரே ஆளாக இருக்கலாம்.

'ஓடம்' சொன்னவர் வேரைத் தேடிப் போயிருக்கிறார், பாராட்ட வேண்டும். நசெல் பிரெஞ்சுச் சொல். சிறு படகு என்ற பொருளுள்ள லத்தீனிலிருந்து வந்தது. படகு என்ற பெயர் ராட்சத பலூனுக்குக் கீழே ஆள் நிற்கும் கூடைக்குப் போனது, அங்கிருந்து விமானத்தின் இயந்திர அறைக்கு, கடைசியில் ஜெஃப்ரீசின் மேசைக்கு. (லத்தீன் 'நாவிஸ்', நம்ம 'நாவாய்' என்று எழுதக் கை பரபரக்கிறவர்கள் தயவுசெய்து பத்து எண்ணுங்கள்.) ஓடத்தில் ஒரே சிக்கல், அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாயிற்று. செய்தித்தாள்கள் ஷட்டிலுக்கு விண்வெளி ஓடம் என்று எழுதிப் பல காலம் ஆகிறது. அதிலும் வேடிக்கை, 1976இல் வெளிவந்த முதல் ஷட்டிலுக்கு ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து எண்டர்பிரைஸ் என்றே பெயர் வைக்க வைத்தார்கள். எண்டர்பிரைஸ் என்ற ஓடமும், எண்டர்பிரைசின் ஓடங்களும் ஒரே கட்டுரையில் வந்தால் தம்பி பாடு திண்டாட்டம்.

மிஞ்சியது அக்கா சொன்ன 'சிமிழ்'. நேற்று ராத்திரி வரை நான் இந்தக் கட்சி. முதல் தொடரின் கப்பலை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாதிரி, ஏறத்தாழ 11 அடி நீளம், இப்போது வாஷிங்டன் வான்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்களை உற்றுப் பாருங்கள். கடைந்த உருளை, முனையில் உருண்டை மூடி. கோயில் வாசலில் விற்கிற மரக் குங்குமச் சிமிழைப் படுக்க வைத்தது போலவே இருக்கும். மங்கலான அந்த மூடிக்குள் குட்டிக் குட்டி வண்ண விளக்குகளை எரியவிட்டு, முன்னால் விசிறி இதழ்களைச் சுழலவிட்டுத்தான் அந்தச் சிவப்புச் சுழலைக் காட்டினார்கள். விளக்குக்கான கம்பிகளெல்லாம் இடப்பக்கம் வழியாக நுழைந்ததால் அந்தப் பக்கத்தை அலங்கரிக்கவே இல்லை. கப்பல் பெரும்பாலும் தன் வலப்பக்கத்தையே காட்டிப் போகும். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டின கதைதான்.

ஆனால் சிமிழ் 1979ஐத் தாண்டவில்லை. திரைப்படத்துக்காகக் கப்பலைப் புதுப்பித்தபோது உருளை போய், பக்கம் தட்டையான நீள்பெட்டி வந்துவிட்டது. தண்டும் பின்னோக்கிச் சாய்ந்தது. என்னைக் கேட்டால் இதுவரை வந்த கப்பல்களில் அழகி அவள்தான், இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. 1982இல் எண்டர்பிரைசோடு மோதும் ரிலையண்ட்: சண்டைக் காட்சியில் இரண்டு கப்பலும் ஒன்றுபோல் தெரிந்தால் பார்ப்பவருக்குக் குழம்பும் என்று நசெல்லைத் தட்டுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். மேலே இருந்ததாகவும், தயாரிப்பாளர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். 1995இல் வாயேஜர்: கிளம்புமுன் நசெல் இரண்டும் கோழி சிறகைத் தூக்குவது போல மேலே மடங்கும். எனக்கு அது கொஞ்சம் பாசாங்கு. தொடரில் வரும் வேற்றுக்கோள் இனமான கிளிங்கன்களின் டி7 கப்பல், அதுவும் ஜெஃப்ரீஸ் கை, 1968: இறக்கை நுனியில் தாழ்ந்து கிடக்கும். இவற்றில் எதையும் பார்த்துச் சிமிழ் என்று வாய் வராது.

தண்டைப் பற்றி ஒரு சொந்தக் கதை. கல்லூரி நாளில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் எண்டர்பிரைஸ் ஒன்று கைக்கு வந்தது. பசை காய்வதற்குள் நசெல் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. பிரித்து ஒட்டினேன், மறுபடி சாய்ந்தன. கடைசியில் தண்டுக்குள் ஈர்க்குச்சி செருகி நிறுத்தினேன். விடுதி அறை ஜன்னலில் ஒரு வருஷம் நின்றது. அந்த வடிவம் தரையில் நிற்பதற்காக வரைந்ததில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். எடையில்லாத இடத்தில் மட்டுமே அப்படி எட்டி நீட்டிக்கொண்டு இருக்க முடியும்.

சரி, என் பரிந்துரை: விசைப்பேழை.

விசை நமக்குப் பழக்கம். விசைத்தறி, விசைப்படகு என்று இயந்திரம் வந்து சேர்ந்த பொருளுக்கெல்லாம் அதை முன்னால் ஒட்டியிருக்கிறோம். உள்ளே இருப்பது இயந்திரமா, சுருளா, மின்னாக்கியா என்று அது வாக்குக் கொடுப்பதும் இல்லை. பேழை பெட்டிதான், ஆனால் நோவாவின் பேழை தண்ணீரில் மிதந்தது. பெட்டி, படகு இரண்டு வாசனையும் அந்தச் சொல்லில் இருக்கின்றன, நசெல்லிலும் அதுவேதான். பேழையில், பேழையை, பேழைக்கு. அடுக்களையிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

*

மறு: மறு: நசெல்

அண்ணே, வணக்கம். முப்பந்தல்ல இருந்து. நல்லா இருக்கு, ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க ஆளுங்க யாரும் நசெல்னு சொல்றதில்ல, நேசல்ம்பாங்க. மேல ஏறிட்டு போன் பண்ணா "பெட்டிக்குள்ள இருக்கேன்"னுதான் சொல்வாங்க. ஆடிக் காத்துல அந்தப் பெட்டி லேசா ஆடும், முதல் தடவை ஏறுறவன் முகத்தைப் பாக்கணும். காத்து அடிக்கிற பக்கம் பெட்டியே திரும்பும், அதுக்குன்னு தனி மோட்டார் உண்டு. ரயில் பெட்டிய நாம பெட்டின்னுதானே சொல்றோம், அதுல இவ்வளவு பேர் உக்காந்து போகலையா? விசைப்பெட்டின்னு வச்சா எங்க ஊர்ல நாளைக்கே ஓடும். பேழைன்னா ஃபோர்மேனுக்கு நான் விளக்கம் சொல்லணும்.

*

மறு: மறு: மறு: நசெல்

சிமிழை விட்டுக்கொடுக்கிறேன், 1979 அழகி விஷயத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் பேழையில் எனக்கு ஒரு நெருடல். தலைவர்கள் இறந்தால் சந்தனப் பேழை, கண்ணாடிப் பேழை என்று பத்திரிகையில் வருகிறதே. 'பேழை வெடித்தது' என்று வசனம் எழுத எனக்குக் கை வராது. பதிலுக்கு ஒலிநாடாவை ஒரு காலத்தில் ஒலிப்பேழை என்று எழுதினோம், அப்போது யாரும் இழவு வீட்டை நினைக்கவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். முன்னொட்டு வந்துவிட்டால் பழைய வாசனை அமுங்கிவிடும் போலிருக்கிறது. அண்ணன் சொன்ன விசைப்பெட்டியும் மோசமில்லை, ஆனால் சுவரில் மின்சார ஸ்விட்ச் பதிக்கிற பெட்டியைச் சொல்வது போல என் காதில் விழுகிறது.

*

மறு: மறு: மறு: மறு: நசெல்

அக்கா, அந்த ஸ்விட்ச் பெட்டி எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அண்ணே, உங்கள் ஃபோர்மேன் பெட்டி என்றே சொல்லட்டும். பேச்சில் பெட்டி, எழுத்தில் விசைப்பேழை. ரயிலடியில் வண்டி என்கிறோம், அறிவிப்பில் தொடர்வண்டி என்கிறார்கள், யாரும் ரயிலைத் தவறவிடவில்லை.

ஐயா இன்னும் பதில் போடவில்லை. கோபமில்லை என்று நம்புகிறேன்.

*

மறு: மறு: மறு: மறு: மறு: நசெல்

கோபமில்லை. பொறிக்கூட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வீட்டில் நானும் வாசித்துப் பார்த்தேன்.

*

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: நசெல்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து படத்தில் விசைப்பேழை என்று போட்டாயிற்று, இடமும் போதுகிறது. வாயேஜருக்கு மட்டும் தூக்கிய நிலை, தாழ்ந்த நிலை என்று இரண்டு படம்.

டிஃபையண்டில் மாட்டிக்கொண்டேன். அதில் தண்டே கிடையாது, நசெல் இரண்டும் உடம்போடு ஒட்டிப் புதைந்திருக்கின்றன. உடம்பு எங்கே முடிகிறது, பேழை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அம்புக்குறியின் நுனியை எந்த இடத்தில் நிறுத்துவது? படத்தை இணைத்திருக்கிறேன், யாராவது பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாருங்கள்.